சுவிட்சை அணைத்த பிறகும் சுற்றும் மெஷின்

வடசென்னையில் கழிவுநீர் என்று பேச்செடுத்தால் எல்லோரும் தண்ணீரைப் பற்றித்தான் பேசுவார்கள். கொடுங்கையூரில் 2019-ல் ஓடத் தொடங்கிய மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு 45 எம்.எல்.டி, அதாவது நாளைக்கு நாலரைக் கோடி லிட்டர். அந்தத் தண்ணீர் குழாய் வழியாக மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. நல்ல விஷயம்தான், குடிதண்ணீரை எடுத்து பாய்லருக்கு ஊற்றாமல் மிச்சம் பிடிக்கிறோம். ஆனால் தண்ணீரைச் சுத்தம் செய்தபோது அதிலிருந்து இறங்கிய சேறு எங்கே போச்சு என்று யாரும் கேட்பதில்லை. அந்தச் சேறுதான் எனக்குச் சோறு போடுகிறது.

மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர் நிலையத்தில் டீகேண்டர் ஓட்டுகிறேன். இப்போது ஓட்டுவதைவிட, புதிதாக வரும் பையன்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் அதிகம். சேற்றையும் தண்ணீரையும் பிரிக்கிற மெஷின்களில் பல வகை உண்டு. துணியில் வைத்துப் பிழியும் ஃபில்டர் பிரஸ், மெதுவாகச் சுற்றும் ஸ்க்ரூ பிரஸ், பெல்ட் பிரஸ் எல்லாம் அந்த வகைதான். டீகேண்டர் மட்டும் வேகத்தால் வேலை செய்கிறது. அதனால் அதை ஓட்டுகிற ஆளுக்கு வேறு மாதிரி புத்தி வேண்டும்.

முதலில் கணக்கு. பம்ப்பில் வரும் ஸ்லட்ஜில், அதாவது தண்ணீர் கலந்த சேற்றில், திடப்பொருள் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 டன் ஸ்லட்ஜில் 3 டன்தான் சரக்கு, மீதி 97 டன்னும் தண்ணீர். டீகேண்டர் அதைத் திடப்பொருள் 20 சதவீதம் உள்ள கேக்காக, அதாவது பிழிந்த சேறாக, மாற்றித் தந்தால், லாரியில் ஏற்ற வேண்டியது 15 டன்தான். கிட்டத்தட்ட 85 டன் தண்ணீர் திரும்பவும் பிளான்ட்டின் தலைக்கே போய்விடும். அந்த 15 டன்னுக்காகத்தான் இத்தனை கரண்ட், இத்தனை சத்தம், இத்தனை பயம்.

உள்ளே இருப்பது இதுதான். படுக்கை வசமாக ஒரு உருளை, ஒரு பக்கம் கூம்பாகக் குறுகும். இதைப் பவுல் என்போம். பவுலுக்குள்ளே ஒரு ஸ்க்ரூ. இரண்டும் ஒரே திசையில் சுற்றும், ஆனால் ஒரே வேகத்தில் இல்லை. நிமிடத்துக்குச் சில சுற்றுகள் வித்தியாசம் இருக்கும். பவுல் சுற்றும் வேகத்தில் சேறு சுவரோடு ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் உள்பக்கமாக நிற்கும். அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்து ஸ்க்ரூ, சுவரில் ஒட்டிய சேற்றைக் கூம்புப் பக்கம் தள்ளிக்கொண்டு போய் வெளியே போடும். தண்ணீர் மறுமுனையில் இருக்கும் தகடுகளைத் தாண்டி வழியும். அதைச் சென்ட்ரேட் என்கிறோம், சேற்றைக் கேக். சாப்பிடுகிற கேக் என்று நினைத்து வரும் புதுப் பையன்களைக் கிண்டல் பண்ணுவது எங்கள் பிளான்ட்டின் பழைய வழக்கம்.

வேகத்தைப் பற்றி ஒரு நிமிடம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லா எச்சரிக்கையும் இதிலிருந்துதான் வருகிறது. 400 மில்லிமீட்டர் விட்டமுள்ள பவுல் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், அதன் சுவர் ஓடும் வேகம் மணிக்கு 226 கிலோமீட்டர். அந்தச் சுவரில் ஒட்டியிருக்கும் பொருளின் எடை 2000 மடங்காகிவிடும். இப்போது பவுலுக்குள் ஒரு பக்கத்தில் மட்டும் 100 கிராம் காய்ந்த சேறு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். அது பேரிங்கை 200 கிலோ விசையோடு இழுக்கும், அதுவும் விநாடிக்கு 50 தடவை திசையை மாற்றி மாற்றி. வீட்டு வாஷிங் மெஷினில் ஒரே ஒரு பெட்ஷீட் ஒரு ஓரமாகச் சுருண்டுகொண்டால், ட்ரையர் ஓடும்போது மெஷினே நடக்க ஆரம்பிக்குமே, அதே சங்கதிதான். இங்கே டிரம்மோடு சேர்த்தால் எடை டன் கணக்கு.

அதனால்தான் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகளில் பாதி, உள்ளே மிச்சம் மீதி இல்லை என்று உறுதிப்படுத்துவதாகவே இருக்கும். முந்தைய ஷிஃப்ட் நிறுத்தும்போது ஒழுங்காகத் தண்ணீர் விட்டுக் கழுவினார்களா என்று லாக் புத்தகத்தைப் பார்ப்பேன். பார்த்தாலும் நம்ப மாட்டேன். கரண்ட்டை முழுசாகத் துண்டிக்கும் மெயின் ஐசொலேட்டரை அணைத்து, பூட்டுப் போட்டுவிட்டு, பெல்ட் மேல் இருக்கும் பாதுகாப்பு வலையான பெல்ட் கார்டைக் கழற்றி, புல்லியைக் கையால் சுற்றிப் பார்ப்பேன். சுத்தமான பவுல் கையால் தள்ளினால் ஒரே சீராக நகரும், எந்த இடத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும். உள்ளே சேறு இறுகிக் கிடந்தால், கனமான பக்கம் தானாகக் கீழே வந்து நிற்கும். கையை எடுத்ததும் புல்லி மெல்லத் திரும்பி வந்தால் அன்றைக்கு அவசரப்பட வேண்டாம். தண்ணீரை விட்டு ஊறவைத்து, கையால் சுற்றி, மறுபடி தண்ணீர் விட்டு, அது போகும்வரை இதையே செய்ய வேண்டியதுதான். ஒரு மணி நேரம் போனாலும் போகட்டும். கார்டை மாட்டி, எல்லா போல்ட்டையும் முறுக்கிய பிறகுதான் பூட்டை எடுப்பேன்.

அப்புறம் எண்ணெய், கிரீஸ், கியர்பாக்ஸ் லெவல், மேல் கவர் போல்ட், அடியில் இருக்கும் ரப்பர் தாங்கிகள். கிரீஸ் விஷயத்தில் மட்டும் ஒன்று சொல்கிறேன். நம்ம ஊரில் கிரீஸ் என்றால் தாராளம். பேரிங் சத்தம் போட்டால் கன்னை எடுத்துப் பத்து அடி அடிப்பது. இந்த வேகத்தில் ஓடும் பேரிங்கில் கிரீஸ் அதிகமானால், அது உள்ளேயே கடைபட்டுச் சூடாகி, பேரிங்கையே எரித்துவிடும். மேனுவலில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கும். உங்கள் கன் ஒரு அடிக்கு எத்தனை கிராம் தள்ளுகிறது என்று தராசில் வைத்துப் பார்த்துவிட்டு அடியுங்கள்.

மோட்டாரை ரீவைண்டிங்குக்கு அனுப்பித் திரும்ப மாட்டிய நாளில் கூடுதலாக ஒரு வேலை. பெல்ட் போடும் முன்னால் மோட்டாரை மட்டும் ஒரு நொடி தட்டி, சுற்றும் திசை சரியா என்று பார்க்க வேண்டும். இரண்டு வயர் இடம் மாறினால் திசை மாறிவிடும்.

பாலி என்று நாங்கள் சொல்லும் பாலிமர்தான் அடுத்தது. சேற்றில் இருக்கும் நுண்ணிய துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். பாலி போய் அவற்றைச் சேர்த்துக் கட்டும். பவுடரை ஆயிரத்துக்கு ஒன்று முதல் மூன்று பங்கு என்ற அளவில் தண்ணீரில் கரைத்து, முக்கால் மணி, ஒரு மணி நேரம் மெதுவாகக் கலக்கவிட்டால்தான் அது வேலைக்கு ஆகும். ஆகவே மெஷினுக்கு முன்னால் பாலி டேங்க்கைத்தான் தொடங்க வேண்டும். மூட்டையை அப்படியே கவிழ்த்தால் கட்டி கட்டியாக மிதந்து டோசிங் பம்ப்பை அடைக்கும்.

ஆனால் பாலியில் எனக்குப் பயமே அது தரையில் சிந்துவதுதான். கால் பங்கு பிடி பவுடர் ஈரத் தரையில் விழுந்தால் போதும், அந்த இடம் முழுக்க வழவழவென்று ஆகிவிடும். நம்ம ஆட்களுக்கு எதைக் கண்டாலும் ஹோஸ் பைப்பை எடுத்து அடிக்கும் பழக்கம். பாலியில் தண்ணீர் அடித்தால் வழுக்கல் பத்து மடங்கு கூடும். முதலில் மரத்தூள் அல்லது மணலைப் போட்டு, அள்ளி, துடைத்து, கடைசியாகத்தான் தண்ணீர். எங்கள் பிளான்ட்டில் பெரிய மெஷினால் அடிபட்டவர்களைவிட, பாலி டேங்க் படிக்கட்டில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டவர்கள்தான் அதிகம்.

இனி ஸ்டார்ட். முதலில் கேக்கை எடுத்துக்கொண்டு போகும் கன்வேயர் ஓட வேண்டும். மெஷின் தள்ளும் சேற்றுக்குப் போக வழி இல்லாவிட்டால் அது கவருக்குள்ளேயே அடைந்து பவுலை உரசும். கன்வேயர் ஓடிய பிறகு பவுல். பச்சை பட்டனை அழுத்தியதும் ஆம்ப்ஸ் முள் மேலே ஏறி நிற்கும். பயப்பட வேண்டாம், அவ்வளவு எடையை நின்ற இடத்திலிருந்து கிளப்புவதற்கு அது வேண்டும். முழு வேகம் பிடிக்கச் சில நிமிடம் ஆகும். நடுவில் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டும்போது மெஷின் மொத்தமும் ரப்பர் தாங்கிகள் மேல் ஒரு ஆட்டம் ஆடும். புதுப் பையன்கள் அந்த இடத்தில்தான் ஓடுவார்கள். சில விநாடியில் அது அடங்கி, ஒரே சுருதியில் ஓட ஆரம்பித்தால் நல்லது. அடங்கவில்லை, வேகம் ஏற ஏற ஆட்டமும் ஏறுகிறது என்றால், நிறுத்திவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். கிட்டே போய்க் குனிந்து எங்கே ஆடுகிறது என்று பார்க்கிற நேரம் அது கிடையாது.

பாதியில் டிரிப் ஆகிவிட்டால், பச்சை பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துவது இன்னொரு கெட்ட பழக்கம். இவ்வளவு நீண்ட ஸ்டார்ட்டிங்கில் மோட்டார் காயில் ஒரு தடவையிலேயே நன்றாகச் சூடாகிவிடும். மணிக்கு எத்தனை ஸ்டார்ட் என்று மேனுவலில் இருக்கும். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மறுபடி அழுத்துகிறவரை எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் பேனல் அறைக்குள்ளேயே விடமாட்டார்.

முழு வேகம் வந்ததும் தண்ணீர், பிறகு பாலி, பிறகு ஸ்லட்ஜ். ஸ்லட்ஜ் பம்ப்பைப் பாதி வேகத்தில் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும். பவுல் முழு வேகத்துக்கு வருமுன் ஸ்லட்ஜை விட்டால், அது சுவர் முழுக்கச் சமமாகப் படியாமல் ஒரு பக்கமாக உட்காரும். மேலே சொன்ன 200 கிலோ கணக்கு அங்கே ஆரம்பித்துவிடும்.

ஓடும்போது பார்க்க வேண்டியவை பேனலில் கொஞ்சம், சென்ட்ரேட் குழாயில் நிறைய. சாம்பிள் வால்வைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தால் எல்லாம் தெரிந்துவிடும். கறுப்பாக வந்தால் சேறு தண்ணீரோடு தப்பிப் போகிறது: உள்ளே விடும் ஸ்லட்ஜைக் குறை, அல்லது பாலியைக் கொஞ்சம் ஏற்று. நுரை அடங்காமல் நின்றால் பாலி அதிகம், காசு வடிகாலில் போகிறது. ஸ்க்ரூவின் வேக வித்தியாசத்தைக் குறைத்தால் கேக் நன்றாகக் காயும், கூடவே டார்க், அதாவது ஸ்க்ரூவைச் சுற்றத் தேவைப்படும் முறுக்கு விசை, ஏறும். கேக் காய வேண்டும் என்று மேலே இருந்து நெருக்கடி வந்துகொண்டே இருக்கும், லாரிக்காரர் எடைக்குத்தானே பணம் கேட்கிறார். ஆனால் டார்க் ஏறிக்கொண்டே போவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தால், கடைசியில் ஷியர் பின் உடையும்.

ஷியர் பின் இருக்கும் மெஷின்களில் அது ஒரு சின்னக் கம்பித் துண்டுதான். ஸ்க்ரூ இறுகினால் முதலில் தான் உடைந்து, கியர்பாக்ஸைக் காப்பாற்றும்படி அளவாகச் செய்திருப்பார்கள். அது உடைந்தால் ஸ்க்ரூவும் பவுலும் ஒன்றாகச் சுற்றும், கேக் வராது. ஸ்டாக்கில் பின் இல்லை, இரவு ஷிஃப்ட், லாரி காத்துக்கொண்டிருக்கிறது என்றால் ஒருவருக்கு நிச்சயம் ஒரு ஐடியா வரும்: அதே சைஸில் ஒரு ஹை டென்சில் போல்ட்டை, அதாவது லேசில் உடையாத கெட்டி போல்ட்டை, வெட்டிப் போட்டுவிடலாம் என்று. போட்டால் ஓடவும் ஓடும். அடுத்த தடவை இறுகும்போது பின்னுக்குப் பதில் கியர்பாக்ஸ் உடையும்.

இதோடு சேர்த்து ஒன்று. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கத்து லேத் பட்டறைக்காரர்களின் கைத்திறன் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. உடைந்த எதைக் கொண்டுபோனாலும் பழசைவிட நன்றாகச் செய்து தருவார்கள். ஆனால் பவுலை மட்டும் அங்கே கொண்டுபோகாதீர்கள். பவுலும் ஸ்க்ரூவும் பேலன்ஸ் பார்த்துக் கோத்தவை. தேய்ந்த இடத்தில் ஒரு வெல்டிங் வைத்தால்கூட அந்த பேலன்ஸ் போய்விடும், வெல்டிங் சூட்டில் இரும்பின் பலமும் மாறிவிடும். ஓரத்தில் இருக்கும் தகடுகளின் உயரம், போல்ட், வாஷர் எல்லாமே எதிரும் புதிருமாகச் சமம் இருக்க வேண்டும். கழற்றும்போது பெயின்ட்டில் நம்பர் போட்டுக்கொண்டு, அதே இடத்தில் திரும்ப மாட்டுவதுதான் வழி. 2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, சுற்றும் கலங்களை அவற்றுக்கான பாதுகாப்பான வேகத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று 30-வது பிரிவில் எழுதிவைத்திருந்தார்கள். மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவில் நம்பரை மாற்றி வேகத்தைக் கூட்டலாமே என்று யோசிக்கும் இன்ஜினியர்களுக்கு அதை அவ்வப்போது ஞாபகப்படுத்துவேன்.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை. ஐப்பசி, கார்த்திகையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றால், மழைநீரோடு மணலும் உள்ளே வந்துவிடும். மணல் ஸ்க்ரூவின் விளிம்பை அரம் போட்டது மாதிரி தேய்க்கும். முன்னாலேயே மணலைப் பிடிக்கும் அமைப்பை அந்த மாதங்களில் கூடுதலாகக் கழுவிவிட வேண்டும். எண்ணூர்ப் பக்கம் கடல் காற்றில் வேறு, பேனல் டெர்மினலும் லிமிட் சுவிட்சும் சீக்கிரம் பச்சை பிடித்துவிடும்.

கார்த்திகை என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் ஐயப்பனுக்கு மாலை போடுவார்கள். கறுப்பு வேட்டி, தோளில் துண்டு, கழுத்தில் மாலை, காலில் செருப்பு கிடையாது. ஆடியில் அம்மனுக்குக் காப்புக் கட்டினால் மணிக்கட்டில் கயிறு. இதை எடு என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஓடும் மெஷினில் வேலை பார்க்கிறவர் இறுக்கமான உடை போட்டிருக்க வேண்டும் என்று அதே தொழிற்சாலைச் சட்டம் 22-வது பிரிவில் சொன்னது. நாங்கள் செய்வது, மாலை போட்டவரை அந்த நாற்பத்தெட்டு நாளும் பேனல் அறையிலும் லேபிலும் போட்டுவிடுவது. முன்கூட்டியே ஷிஃப்ட் அட்டவணை போட்டால் ஒரு சிக்கலும் இல்லை. சாமி சரணம் சொல்லிக்கொண்டே டம்ளரில் சென்ட்ரேட் பார்ப்பார்கள்.

ஆடை விஷயத்தில் நான் பவுலைவிட கன்வேயரைப் பார்த்துத்தான் பயப்படுகிறேன். பவுல் கவருக்குள் இருக்கிறது, யாரும் அதில் கை வைக்கப் போவதில்லை. கேக் கன்வேயரோ மெதுவாக, சாதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். கேக் அடைத்துக்கொண்டால் ஒரு குச்சியை விட்டுத் தள்ளலாம் என்று தோன்றும், குச்சி போதவில்லை என்றால் கை. அதன் மோட்டாருக்குக் கைக்கும் கேக்குக்கும் வித்தியாசம் தெரியாது. மேலே கம்பி வலை போட்டு, போல்ட்டால் முடுக்கி வைப்பதுதான் சரி. கீல் போட்ட மூடி வைத்தால் ஒரு வாரத்தில் அது நிரந்தரமாகத் திறந்தே கிடக்கும்.

இப்போது நிறுத்துவது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லோருக்கும் பயம் இருக்கிறது. அந்தச் சத்தமே ஆளைத் தள்ளி நிறுத்தும். பட்டனை அணைத்ததும் பயமும் சேர்ந்து அணைந்துவிடுகிறது. டீகேண்டரில் ஆபத்தான நேரம் எது என்று கேட்டால், சிவப்பு பட்டனை அழுத்திய பிறகு வரும் பத்து இருபது நிமிடம் என்றுதான் சொல்வேன். கரண்ட்தான் போயிருக்கிறது, வேகம் உள்ளே அப்படியே இருக்கிறது. பவுல் தானாக ஓடி ஓடித்தான் அடங்கும். பெரிய மெஷின் என்றால் இன்னும் நேரமாகும். காளான் மாதிரி புடைத்த எமர்ஜென்சி பட்டனைக் குத்தினாலும் இதே கதைதான். கன்வேயர் உடனே நிற்கும், பம்ப் நிற்கும், பவுல் மட்டும் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஒரு பையன் கவர் போல்ட்டில் ஸ்பானரை வைத்துவிட்டான். தடுத்தேன்.

"இன்னாண்ணா, அதான் ஆஃப் பண்ட்டமே?"

"சவுண்டு நின்னுச்சுனா சுத்தறது நின்னுச்சுன்னு எவன்டா சொன்னான் உனக்கு?"

பக்கத்தில் காற்றடிக்கும் புளோயர் இரைந்துகொண்டிருக்கிறது, காதில் இயர் பிளக் வேறு. கடைசி 200, 300 சுற்றில் டீகேண்டர் போடும் சத்தம் அந்த இரைச்சலில் கேட்கவே கேட்காது. அதனால் காதை நம்பக் கூடாது, கண்ணால் பார்க்க வேண்டும். புல்லியின் முகத்தில் மையத்திலிருந்து விளிம்பு வரை மஞ்சள் பெயின்ட்டில் ஒரு பட்டை அடித்து வைத்திருக்கிறோம். பெல்ட் கார்டின் கம்பி வலை வழியாக டார்ச் அடித்தால் அது தெரியும். வேகத்தில் அந்தப் பட்டை மங்கலான மஞ்சள் வட்டமாக இருக்கும், அப்புறம் நடுங்கும், அப்புறம் ஒரு கோடாகப் பிரிந்து மெல்ல வட்டமடிக்கும். கோடு ஒரே இடத்தில் நின்ற பிறகுதான் ஸ்பானர். ஒரு சின்ன டப்பா பெயின்ட் செலவு, அவ்வளவுதான்.

பல மெஷின்களில் இதற்கென்று சென்சார் உண்டு. பவுல் முழுக்க நிற்கும்வரை கவர் பூட்டைத் திறக்க விடாது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் அந்த சென்சார் அடிக்கடி மக்கர் பண்ணியது என்று, அதைத் தாண்டி நேராக இணைக்கும் ஜம்பர் வயர் போட்டு வைத்திருந்தார்கள். மாதக்கணக்கில் அப்படியே ஓடியது. புதிதாக வந்தவர்களுக்கு அது தெரியாது, பூட்டு திறந்தால் மெஷின் நின்றுவிட்டது என்றே நம்பினார்கள். பூட்டே இல்லாத மெஷினைவிட இது மோசம். பேனலில் ஜம்பர் போட்டால் அன்றைக்கே லாக் புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதி, மெஷின் மேலேயும் ஒரு அட்டை தொங்கவிட வேண்டும் என்று இப்போது நான் அடம்பிடிப்பதற்கு அந்த இடம்தான் காரணம்.

நிறுத்தும் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஸ்லட்ஜ் பம்ப், பாலி பம்ப் ஆஃப். பவுல் முழு வேகத்தில் ஓடட்டும், தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். சென்ட்ரேட் தெளிவாகி, டார்க் இறங்கி, கேக் வருவது நின்ற பிறகு மெயின் மோட்டார் ஆஃப். வேகம் குறைந்து வரும்போது மறுபடி ஒரு தடவை தண்ணீர் விட வேண்டும், ஏனென்றால் வேகம் இருக்கும்வரை சுவரோடு ஒட்டி நின்ற சேறு அப்போதுதான் பிடி விட்டு விழும். இந்த இரண்டாவது கழுவலைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள், ஷிஃப்ட் முடிகிற நேரம், 2 மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மறுநாள் புல்லி கையால் தள்ளும்போது திரும்பி வருவது அதனால்தான். கன்வேயர் கடைசியில் நிற்க வேண்டும்.

இத்தனை வரிசையும் கரண்ட் போனால் அம்போ. ஸ்லட்ஜ் உள்ளே நிறைந்திருக்கும்போதே மோட்டாரும் தண்ணீர் பம்ப்பும் சேர்ந்து நின்றுவிடும். பவுல் நின்றதும் உள்ளே இருக்கும் சேறு மொத்தமும் அடிப்பக்கம் வந்து படுத்துக்கொள்ளும். இதற்காகவே எங்கள் ஷெட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் டேங்க் வைத்து, பம்ப் இல்லாமல் தானாக இறங்கும்படி ஒரு லைன் போட்டிருக்கிறோம். கரண்ட் போன உடனே ஆபரேட்டர் செய்ய வேண்டிய முதல் வேலை அந்த வால்வைத் திறப்பது. வேகம் இன்னும் இருக்கும்போதே தண்ணீர் உள்ளே போனால் பாதிச் சேறாவது கரைந்து போய்விடும். ஜெனரேட்டர் எடுத்ததும் ஸ்டார்ட் பட்டனுக்குக் கை போகும், போகக் கூடாது. பவுல் முழுக்க நின்று, ஐசொலேட்டரைப் பூட்டி, கையால் சுற்றிப் பார்த்து, கழுவி, அப்புறம்தான். பேனலில் ஆட்டோ ஸ்டார்ட் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

அறையின் காற்றையும் மறக்கக் கூடாது. டைஜெஸ்டர் என்ற மூடிய டேங்க்கில் அழுகிய ஸ்லட்ஜை இத்தனை வேகத்தில் சுற்றினால், அதில் கரைந்திருந்த ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தேனும் வெளியே வரும். எக்ஸாஸ்ட் ஃபேன் மெஷினுக்கு முன்பே ஓடத் தொடங்க வேண்டும், மெஷின் நின்ற பிறகுதான் அது நிற்க வேண்டும். அழுகின முட்டை நாற்றம் வந்தால் நமக்குத் தெரிந்துவிடும் என்று பலரும் தைரியமாக இருக்கிறார்கள். கொஞ்சமாக இருக்கும்போது தெரியும்தான். 100 பி.பி.எம், அதாவது காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு, பக்கம் போனால் மூக்கே மரத்துப்போகும், நாற்றம் போய்விட்டது என்று தோன்றும். ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமான வாயு, பள்ளத்தில்தான் தேங்கும். சென்ட்ரேட் விழும் தொட்டியில் ஸ்பானர் விழுந்தால் ஸ்பானர் போகட்டும். கேஸ் மீட்டர், ஃபேன், கயிறு, மேலே ஒரு ஆள் என்று நான்கும் இருந்தாலொழிய எவரும் இறங்கக் கூடாது. காப்பாற்ற இறங்கிய இரண்டாவது ஆளும் சேர்ந்து போன செய்திகளைச் சென்னையில் எத்தனை தடவை படித்துவிட்டோம்.

பூட்டு பற்றி ஒரு வார்த்தை. மெஷினில் கை வைக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் தனிப் பூட்டு, சாவி அவரவர் சட்டைப் பையில். மூன்று பேர் வேலை செய்தால் ஐசொலேட்டரில் மூன்று பூட்டு தொங்க வேண்டும். அட்டையில் "ஆள் வேலை செய்கிறார், சுவிட்ச் போடாதே" என்று தமிழில் மட்டும் எழுதினால் பாதிப் பேருக்குத்தான் புரியும். மணலிப் பக்கம் கான்ட்ராக்டில் வருகிறவர்களில் ஒடிசா, பீகார் ஆட்கள் நிறைய. எங்கள் அட்டையில் தமிழ், இந்தி, ஒடியா மூன்றும் இருக்கிறது, அடியில் ஒரு கைப் படமும். ஒடியா வரியை எழுதித் தந்தது கேக் லாரியில் லோடு பார்க்கும் பையன். எழுத்து எங்கள் எல்லோருடையதையும்விட அழகு.

ஷிஃப்ட் மாறும்போது வாயால் சொல்லிவிட்டுப் போவது போதாது. கடைசியாக எப்போது கழுவினோம், நின்ற நேரம் என்ன, புல்லி கையால் சுற்றினால் எப்படி இருந்தது, பேரிங் சூடு எவ்வளவு, பேனலில் ஏதாவது ஜம்பர் இருக்கிறதா, யாருடைய பூட்டு இன்னும் தொங்குகிறது என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஷியர் பின் ஸ்டாக் எத்தனை என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள். இரண்டுக்குக் கீழே போனால் அன்றைக்கே வாங்கச் சொல்லி இன்டென்ட் போட வேண்டும், பர்ச்சேஸில் கையெழுத்து வாங்கிப் பின் வந்து சேர எப்படியும் ஒரு மாதம் ஆகும்.